கைத்துப்பாக்கி உறை

கைத்துப்பாக்கியை உடலோடு சேர்த்துப் பாதுகாப்பாகச் சுமக்க உதவும் கூடு துப்பாக்கி உறை எனப்படும். துப்பாக்கி விற்கும் கடைகளிலும் காவல்துறையிலும் ஹோல்ஸ்டர் என்ற ஆங்கிலச் சொல்லே பெரிதும் வழங்குகிறது. துப்பாக்கி கீழே விழாமல் பிடித்துக்கொள்வது, விசையை வேறெதுவும் தொடாமல் மறைப்பது, தேவைப்படும்போது மட்டும் கைக்கு எட்டும்படி வைப்பது ஆகிய மூன்றும் இதன் வேலைகள். இந்தியாவில் நான்காவதாக ஒரு வேலையும் உண்டு. உரிமம் பெற்ற துப்பாக்கியைப் பொது இடத்தில் கொண்டு செல்வதற்குச் சட்டம் விதிக்கும் நிபந்தனையை இந்த உறைதான் நிறைவேற்றுகிறது.

உறையைத் தேர்ந்தெடுப்பது பற்றி இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி அமெரிக்கர்களுக்காக எழுதப்பட்டது. தடித்த ஜீன்ஸ், அகன்ற பெல்ட், மேலே ஒரு ஜாக்கெட், காரில் பயணம் என்ற வாழ்க்கையை அவை அடிப்படையாகக் கொண்டவை. திருச்சிராப்பள்ளி தில்லை நகரில் வேட்டியும் மெல்லிய பருத்திச் சட்டையும் அணிந்து, இருசக்கர வண்டியில் சென்று, தரையில் சம்மணமிட்டுச் சாப்பிடும் ஒருவருக்கு அந்த அறிவுரைகளில் பாதி பொருந்தாது. இக்கட்டுரை அத்தகைய சூழலை முன்வைத்தே எழுதப்பட்டுள்ளது.

சட்ட நிலை

இந்தியாவில் துப்பாக்கி வைத்திருப்பது உரிமை அன்று; உரிமம் பெற்றவருக்கு மட்டும் அளிக்கப்படும் அனுமதி. படைக்கலச் சட்டம், 1959 என்பதும் அதன் கீழ் இயற்றப்பட்ட ஆயுத விதிகள், 2016 என்பதும் இதை ஒழுங்குபடுத்துகின்றன. தமிழ்நாட்டில் உரிமத்துக்கான விண்ணப்பம் மாவட்டங்களில் ஆட்சியரிடமும், ஆணையரகம் உள்ள மாநகரங்களில் காவல் ஆணையரிடமும் செல்கிறது. 2019-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. உரிமத்தின் காலத்தை மூன்று ஆண்டுகளிலிருந்து ஐந்து ஆண்டுகளாக நீட்டித்தது.

உறையைப் பொறுத்தவரை 2016-ஆம் ஆண்டு விதிகளே முக்கியமானவை. பொது இடத்தில் கைத்துப்பாக்கியைக் கொண்டு செல்பவர் அதற்கென்று செய்யப்பட்ட உறையில் வைத்து உடலோடு பொருத்தியிருக்க வேண்டும், அல்லது முதுகுப்பை போன்ற ஒன்றில் வைத்திருக்க வேண்டும். துப்பாக்கி முழுவதும் மூடப்பட்டிருக்க வேண்டும். சுமப்பவரின் கட்டுப்பாட்டிலும் அது இருக்க வேண்டும். பொது இடத்தில் துப்பாக்கியை எடுத்துக் காட்டி மிரட்டுவதும், வெற்றுத் தோட்டாவானாலும் சுடுவதும் தடை செய்யப்பட்டுள்ளன. திருமணத்திலும் ஊர்வலத்திலும் மகிழ்ச்சிக்காகச் சுட்டுப் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவித்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்க 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் வழிசெய்கிறது.

ஆகவே சட்டைக்கு வெளியே, இடுப்பில் தெரியும்படி துப்பாக்கியைத் தொங்கவிடும் திரைப்பட வழக்கம் உரிமம் பெற்ற குடிமகனுக்கு உரியதன்று. காவல் அதிகாரி அப்படி அணிவதைப் பார்த்து அதே வகை உறையை வாங்குவோர் உண்டு. அவருடைய உறை சீருடையின் பகுதி. குடிமகனுடைய உறை உடைக்குள் மறைய வேண்டியது. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் கொண்டாலே கடையில் தொங்கும் உறைகளில் பாதியை ஒதுக்கிவிடலாம்.

எந்தத் துப்பாக்கிக்கு உறை?

உறையைத் துப்பாக்கியின் வடிவத்துக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் உறை எதற்கும் சரியாகப் பொருந்துவதில்லை. இந்தியாவில் 9 மி.மீ., .38 போன்ற தோட்டா வகைகள் சாதாரண உரிமதாரருக்குக் கிடைப்பதில்லை. எனவே குடிமக்களிடம் இருப்பவை பெரும்பாலும் .32 சுழல் துப்பாக்கிகளும் .32 பிஸ்டல்களுமே. அரசுத் தொழிற்சாலையில் செய்யப்படும் .32 ரிவால்வர் பழைய வெப்ளி மரபைச் சேர்ந்தது. ஏறத்தாழ 700 கிராம் எடை உடையது. கான்பூரில் தயாராகி 2014 சனவரியில் வெளிவந்த நிர்பீக் என்னும் ரிவால்வர் ஏறத்தாழ 500 கிராம் மட்டுமே. அஷானி என்னும் .32 பிஸ்டல் தட்டையானது. துப்பாக்கித் தொழிற்சாலை என்றதும் திருச்சிக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது 1966-இல் தொடங்கப்பட்ட நவல்பட்டுத் தொழிற்சாலை. ஆனால் அது படையினருக்கான ரைபிள்களுக்குப் பெயர் பெற்றது. 2021 அக்டோபர் முதல் அதுவும் கான்பூர்த் தொழிற்சாலைகளும் ஒரே அரசு நிறுவனத்தின் கீழ் இயங்குகின்றன.

ரிவால்வரில் தோட்டாக்கள் இருக்கும் சுழல் உருளை இருபுறமும் புடைத்திருக்கும். எடை குறைந்திருந்தாலும் இடுப்பில் உறுத்துவது அந்தப் புடைப்புதான். பிஸ்டலில் அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் அதன் கைப்பிடியின் அடிமுனை பின்புறம் நீண்டு, சட்டைக்குள் முளைபோல் தெரியும். வெப்ளி மரபு ரிவால்வர்களில் குழலை மடக்கித் திறக்கும் நெம்புகோல் ஒன்று உண்டு. உறையின் வார் அதன்மீது அழுந்தினால் துப்பாக்கி உறைக்குள்ளேயே தாழ் விலகக்கூடும். பிஸ்டலில் பாதுகாப்புப் பூட்டைக் கவனிக்க வேண்டும். உறைக்குள் நுழைக்கும்போதும் எடுக்கும்போதும் உறையின் விளிம்பு அந்தப் பூட்டை நகர்த்திவிடக் கூடாது.

பாதுகாப்பின் அடையாளங்கள்

நல்ல உறையில் விசையும் அதைச் சுற்றியுள்ள வளையமும் முழுவதும் மூடியிருக்கும். அந்த இடத்தில் வெளியிலிருந்து விரலால் அழுத்தினால் உறை உள்வாங்கக் கூடாது. மெல்லிய நைலான் துணியில் தைத்த மலிவான உறைகள் இந்தச் சோதனையிலேயே தோற்றுவிடும்.

இரண்டாவது, துப்பாக்கியை எடுத்தபின் உறையின் வாய் திறந்தே இருக்க வேண்டும். வாய் சுருங்கிப் படுத்துவிட்டால் மீண்டும் உள்ளே வைக்க இன்னொரு கையால் அதை விரிக்க வேண்டிவரும். அப்போது குழலின் முனை அந்தக் கையையே நோக்கும். பழைய தோல் உறைகளில் வேறோர் ஆபத்தும் உண்டு. ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தித் தளர்ந்த விளிம்பு உள்நோக்கி மடிந்து, விசை வளையத்துக்குள் நுழைந்துவிடும். துப்பாக்கியை உள்ளே தள்ளும்போது அந்த மடிப்பே விசையை அழுத்திவிடலாம். சட்டையின் ஓரம், ஜாக்கெட்டின் இழுகயிறு ஆகியவையும் இதே வேலையைச் செய்யும். உறையில் வைக்கும்போது நிகழும் விபத்துகள் எடுக்கும்போது நிகழ்பவற்றைவிடக் கவனக்குறைவால் வருபவை, ஏனெனில் எடுக்கும்போது இருக்கும் விழிப்பு வைக்கும்போது இருப்பதில்லை. பார்த்து, மெதுவாக, விரலை விசையிலிருந்து விலக்கி வைப்பதே முறை.

மூன்றாவது பிடிமானம். சில உறைகள் இறுக்கத்தாலேயே துப்பாக்கியைப் பிடித்துக்கொள்ளும். சிலவற்றில் கட்டைவிரலால் விடுவிக்கும் பொத்தான் வார் இருக்கும். இருசக்கர வண்டியில் செல்பவருக்கும் பேருந்து நெரிசலில் நிற்பவருக்கும் வார் உள்ளதே ஏற்றது. பிடிமானத்தைச் சோதிக்க எளிய வழி உண்டு: தோட்டா முழுவதையும் நீக்கி, நீக்கியதை இருமுறை சரிபார்த்து, தோட்டாக்களை வேறோர் அறையில் வைத்துவிட்டு, துப்பாக்கியுடன் உறையைக் கட்டிலின் மேல் தலைகீழாகப் பிடித்துக் குலுக்கிப் பார்ப்பது. விழுந்தால் அந்த உறை வேண்டாம்.

தோலும் பிளாஸ்டிக்கும்

உறைக்குப் பயன்படும் பொருள்களில் தோல் மிகப் பழையது. தமிழ்நாட்டுக்கு மிக நெருக்கமானதும் அதுவே. மரப்பட்டை, கடுக்காய் போன்ற தாவரப் பொருள்களால் பதனிட்ட தோல் கிழக்கிந்தியத் தோல் என்ற பெயரில் உலகச் சந்தையில் அறியப்பட்டது. முற்காலத்தில் ஆவாரம்பட்டையே இதற்கு முதன்மையான மூலப்பொருள். பின்னர் வாட்டில் மரப்பட்டைச் சாறு அதன் இடத்தைப் பிடித்தது. திருச்சி, திண்டுக்கல், ஈரோடு வட்டாரங்கள் இந்த முறைக்குப் பெயர்பெற்றவை. தாவரப் பதனீட்டுத் தோல் விறைப்பானது. நனைத்து அச்சில் பொருத்தி உலர்த்தினால் அந்த வடிவத்திலேயே நிற்கும். உறைக்கு வேண்டியது இந்தப் பண்புதான். குரோம் உப்பால் பதனிட்ட தோல் மென்மையானது, செருப்புக்கும் கைப்பைக்கும் நல்லது. ஆனால் உறையாகத் தைத்தால் துவண்டுவிடும், அதிலுள்ள உப்பு இரும்பையும் அரிக்கும்.

உறை வாங்க உரிமம் தேவையில்லை. எனவே தோல் தொழிலாளியிடம் அளவு கொடுத்துத் தைத்துக்கொள்வது உண்டு. இதில் ஒரு சட்டச் சிக்கல் ஒளிந்திருக்கிறது. உரிமம் இல்லாத ஒருவரிடம் துப்பாக்கியை இரண்டு நாள் ஒப்படைத்து வருவது படைக்கலச் சட்டப்படி குற்றம். தைப்பவர் எவ்வளவு நம்பிக்கையானவராக இருந்தாலும் இது பொருந்தும். மரத்தில் செதுக்கிய மாதிரியையோ அதே வகைத் துப்பாக்கியின் ரப்பர் மாதிரியையோ கொடுத்து அச்செடுக்கச் சொல்வதே சரி. தோலை நனைத்து வடிவமைக்கும் வேலைக்கு உண்மைத் துப்பாக்கியைப் பயன்படுத்தினால் துரு பிடிப்பது வேறு.

கைடெக்ஸ் எனப்படும் சூட்டில் இளகும் பிளாஸ்டிக் தகடு 1960-களில் விமானங்களின் உட்புறத்துக்காக உருவாக்கப்பட்டது. அதைச் சூடாக்கித் துப்பாக்கி மாதிரியின் மேல் அழுத்தினால் இம்மி பிசகாத உறை கிடைக்கும். வியர்வையை உறிஞ்சாது, வாய் சுருங்காது, கழுவலாம். தோலில் மோதும் இடத்தில் வியர்க்கும், விளிம்பு உறுத்தும். சித்திரை வெயிலில் நிறுத்திய காரின் முன்பலகையில் கிடந்தால் நெளிந்துபோகவும் கூடும். தோலை உட்புறமும் பிளாஸ்டிக்கை வெளிப்புறமும் வைத்த கலப்பு உறைகள் வசதியானவை, எனினும் பருமனானவை.

மார்ச் முதல் சூன் வரை திருச்சியில் வெயில் 40 பாகையைத் தொடுவதும் தாண்டுவதும் வழக்கம். எந்தப் பொருளானாலும், துப்பாக்கிக்கும் உடலுக்கும் இடையே மேல்நோக்கி நீண்ட ஒரு மடல் இருந்தால் வியர்வை உலோகத்தில் படாது. கறுப்பு மெருகிட்ட பழைய ரிவால்வரை வியர்வை உப்பு ஒரே வாரத்தில் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்க வைத்துவிடும். வீட்டுக்கு வந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, சிறிது எண்ணெய் தடவுவது இங்கே அன்றாட வேலை.

உடையும் இருப்பிடமும்

இடுப்பைக் கடிகார முகமாக எண்ணி, தொப்புளைப் பன்னிரண்டு மணி என்று கொள்வது உலகெங்கும் வழக்கம். வலக்கைக்காரர் பெரும்பாலும் மூன்று மணிக்கும் நான்கு மணிக்கும் இடையே, இடுப்பெலும்புக்குச் சற்றுப் பின்னால் அணிகிறார். கால்சட்டைக்கு உட்புறம் செருகும் உறை நன்றாக மறையும். வெளிப்புறம் அணிவது வசதியானது, ஆனால் சட்டை உயர்ந்தால் தெரிந்துவிடும். உட்புறம் அணிய விரும்புவோர் கால்சட்டையை ஓர் அளவு பெரிதாக வாங்குவது நல்லது. ஏறத்தாழ ஒன்றரை அங்குல அகலமுள்ள விறைப்பான பெல்ட் இல்லாமல் எந்த உறையும் நிற்காது. விலையுயர்ந்த உறையைத் தொளதொளத்த பெல்ட்டில் மாட்டுவது வீண்செலவு.

வேட்டி கட்டுபவரின் சிக்கல் தனியானது. வேட்டியின் முடிச்சோ ஒட்டும் பட்டையோ 700 கிராம் எடையைத் தாங்காது. நடக்க நடக்க ஒரு பக்கம் இறங்கும். தமிழ்நாட்டில் வேட்டியின் மேல் கட்டப்படும் அகன்ற பச்சை பெல்ட் இதற்கு ஓரளவு உதவுகிறது, ஆனால் அதன் பணப்பையில் துப்பாக்கியைத் திணிப்பது தவறு. அந்தப் பையில் விசையை மறைக்கக் கெட்டியான பகுதி எதுவும் இல்லை. சில்லறையும் சாவியும் கூடவே கிடக்கும். வேட்டிக்குள் அரைக்கால்சட்டை அணிந்து, அதன்மேல் பெல்ட் கட்டி உறையைப் பொருத்துவதே உறுதியான வழி. மேலே சட்டையை வெளியே விடுவது நம் ஊர் வழக்கமாகவே இருப்பதால் மறைப்பது எளிது. ஆனால் மெல்லிய வெள்ளைச் சட்டை வியர்வையில் நனைந்தால் கறுப்புத் தோல் அப்படியே தெரியும். வெளிர்நிற உறை, அல்லது உள்ளே ஒரு பனியன், அல்லது கட்டம் போட்ட சட்டை அதைச் சரிசெய்யும்.

நிர்பீக் வெளிவந்தபோது அது பெண்களுக்கான துப்பாக்கி என்றே விளம்பரம் பெற்றது. சேலைக்கும் சுடிதாருக்கும் ஏற்ற உறை பற்றி அந்த அளவுக்குப் பேச்சு எழவில்லை. வயிற்றைச் சுற்றிக் கட்டும் மீள்தன்மையுள்ள பட்டை ஒரு தீர்வு, விசைப்பகுதியில் கெட்டியான கூடு தைத்திருந்தால் மட்டும். கைப்பையில் வைப்பவர் துப்பாக்கிக்கென்று தனி அறையும் அதற்குள் நிலையான உறையும் உள்ள பையை வாங்க வேண்டும். அந்த அறையில் சீப்பும் பேனாவும் போகக் கூடாது. கைப்பையின் பெரிய குறை அது தோளை விட்டு இறங்கிவிடுவதுதான். கடையில் நாற்காலியில் மாட்டிய பையும், ஸ்கூட்டரின் முன்கொக்கியில் தொங்கும் பையும் சுமப்பவரின் கட்டுப்பாட்டில் இருப்பதாகச் சொல்ல முடியாது.

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தோளில் மாட்டும் உறைக்கு மேலே கோட்டு வேண்டும். திருச்சியில் அது நடவாது, குழலின் முனையும் பின்னால் நிற்பவரை நோக்கும். கணுக்கால் உறை, செருப்பைக் கழற்றிவிட்டுச் சம்மணமிடும் ஊரில் முதல் பந்தியிலேயே வெளிப்பட்டுவிடும். முதுகுத்தண்டின் மேல், ஆறு மணியில் அணிவது வண்டியிலிருந்து விழுந்தால் முதுகெலும்பை முறிக்கும். வயிற்றுக்கு முன்னால் அணிவது மறைவானதுதான், ஆனால் தரையில் உட்காரும்போது குழல் தொடையின் பெரிய இரத்தக்குழாயை நோக்கித் திரும்புகிறது.

அணிந்து பார்த்தல்

கடையில் நின்றபடி மாட்டிப் பார்த்து வாங்கிய உறை வீட்டில் உட்கார்ந்ததும் குத்தும். தோட்டா இல்லாத துப்பாக்கியுடன் ஒரு நாள் முழுவதும் வீட்டுக்குள் அணிந்து பார்ப்பதே சரியான சோதனை. பாயில் உட்கார்ந்து எழ வேண்டும். கீழே கிடக்கும் பொருளைக் குனிந்து எடுக்க வேண்டும். மாடிப்படி ஏற வேண்டும். நிறுத்திய வண்டியின் மேல் அமர்ந்து இருபுறமும் திரும்பிப் பார்க்க வேண்டும். வண்டி ஓடும்போது காற்றில் சட்டை பறக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை கை தானாக இடுப்புக்குப் போய்ச் சரிசெய்கிறது என்றால் உறை பொருந்தவில்லை. வசதிக்கு இங்கே இவ்வளவு இடம் தருவதற்குக் காரணம் உண்டு. உறுத்தும் உறை அணியப்படுவதில்லை. துப்பாக்கி காரின் பெட்டிக்கும் மேசை இழுப்பறைக்கும் போகிறது, அங்கிருந்துதான் களவு போகிறது. தொலைந்த துப்பாக்கியைப் பற்றி உடனடியாகக் காவல் நிலையத்தில் தெரிவிப்பது உரிமதாரரின் கடமை.

கழற்றி வைக்கும் தேவை

தில்லை நகர் மருத்துவமனைகளும் பரிசோதனை நிலையங்களும் துணிக்கடைகளும் நெருங்கிய பகுதி. இங்கே வாழ்பவர் ஒரே நாளில் மருத்துவமனைக்கும், மாலையில் திருவரங்கம் கோயிலுக்கும் போகக்கூடும். நீதிமன்றம், விமான நிலையம், பெரிய கோயில் என எங்கும் சோதனை வாயில் உண்டு. மருத்துவர் படுக்கச் சொன்னால், ஸ்கேன் எடுக்கச் சொன்னால் இடுப்பில் உள்ளதை எங்கே வைப்பது? காந்தத்தால் இயங்கும் எம்.ஆர்.ஐ. அறைக்குள் இரும்புத் துப்பாக்கி போவது உயிருக்கே ஆபத்து. கொக்கியால் மாட்டும் உறையைத் துப்பாக்கியை வெளியே எடுக்காமல் அப்படியே கழற்றலாம். பெல்ட் கோத்த வளைய உறையில் அது முடியாது. ஆனால் எந்த உறையாலும் தீராத சிக்கல் இது. அன்றைய நாளில் இத்தகைய இடம் ஒன்று இருந்தால் துப்பாக்கியை வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டுப் புறப்படுவதே தக்கது.

விளையாட்டுக்காகச் சுடுபவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. 2022 சூலையில் 47-ஆவது தமிழ்நாடு மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டி திருச்சி ரைபிள் கிளப்பில் நடந்தபோது, நடிகர் அஜித்குமார் கலந்துகொண்டதால் பெருங்கூட்டம் கூடியது. அத்தகைய இலக்குப் போட்டிகளில் உறைக்கு வேலை இல்லை. துப்பாக்கிகள் பூட்டிய பெட்டிகளில் வந்து பெட்டிகளிலேயே திரும்புகின்றன.

வரலாற்றில் ஒரு குறிப்பு

காவல் அதிகாரிகளின் இடுப்பு வாரும் குறுக்கு வாரும் சேர்ந்த பெல்ட் சாம் பிரவுன் பெல்ட் எனப்படுகிறது. சாம் பிரவுன் பிரித்தானிய இந்தியப் படையின் குதிரைப்படை அதிகாரி. 1857-இல் தொடங்கிய கிளர்ச்சியின் தொடர்ச்சியாக 1858 ஆகஸ்ட் 31 அன்று நடந்த சண்டையில் இடக்கையை இழந்தார். ஒரு கையால் வாளை உருவ, மற்றொரு கையால் வாளுறையைப் பிடிக்க வேண்டும். அது இயலாததால், தோளிலிருந்து இறங்கும் வாரால் எடையைத் தாங்கும் பெல்ட்டை அவர் வகுத்துக்கொண்டார். கைத்துப்பாக்கி உறையும் அதில் இடம்பெற்றது. உறையின் எடையைப் பெல்ட் தாங்க வேண்டும் என்ற விதி அந்த ஒற்றைக்கை வீரரின் தேவையிலிருந்து உலகப் படைகளுக்கெல்லாம் பரவியது.

பராமரிப்பு

துப்பாக்கியைத் தோல் உறையிலேயே மாதக்கணக்கில் வைத்துவிடக் கூடாது; தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும், பித்தளைத் தோட்டாக்களில் பச்சைக் களிம்பு ஏறும். துப்பாக்கி பெட்டகத்திலும், உறை காற்றோட்டமான நிழலிலும் இருக்க வேண்டும். தோலை வெயிலில் காயவைத்தால் வெடிக்கும். எண்ணெயில் ஊறவைத்தால் துவளும். பிளாஸ்டிக் உறையின் திருகுகளை மாதம் ஒருமுறை முடுக்கிப் பார்க்க வேண்டும். தேர்தல் அறிவிக்கப்பட்டதும் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லும் உத்தரவு வருவது வழக்கம். அந்த வாரங்களில் உறை சும்மா கிடக்கிறது. தையலையும் பொத்தானையும் விளிம்பின் மடிப்பையும் நிதானமாகச் சரிபார்க்க அதுவே நல்ல நேரம்.